54,188 பேரில் ஒருவர்: கையெழுத்துப் போட்டு ஊர் திரும்பியவர்களின் கதை

போன தை மாசம், ரதசப்தமிக்கு நாலு நாள் முன்னால, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் கேட்டிருந்தேன். ரதசப்தமி அன்றைக்கு அண்ணாமலையார் எங்க கலசப்பாக்கம் செய்யாற்றுக்கு வந்து தீர்த்தவாரி முடித்துவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்புவார். உறவுக்காரங்க நிறைய வருவாங்க, அதுக்குள்ள வேலை முடியணும். வந்தவர் இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர். எங்க மாவட்டத்தில் முகாம்கள் பல இருக்கின்றன, முகாம் ஆண்களில் பாதிப் பேருக்குமேல் பெயின்ட் வேலைதான் என்று இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். வேலை சுத்தமாக இருக்கும்.

டீ குடிக்கும்போது பேச்சு எங்கெங்கோ போய், திரும்பிப் போகிற எண்ணம் உண்டா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க மாமா போய்ட்டு வந்தவருண்ணே. 93-ல கப்பல்ல அனுப்பினாங்க. 97-ல போட்ல திரும்பி வந்துட்டாரு."

அனுப்பினார்களா, போனாரா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பிரஷ்ஷைத் தின்னரில் கழுவிக்கொண்டே இருந்தார். "கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனாரு" என்றார்.

அந்த ஒரு வரி என்னை ஆறு ஏழு மாசமாகப் படிக்க வைத்துவிட்டது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். 1992-லிருந்து 1995 வரை தமிழ்நாட்டிலிருந்து ஈழ அகதிகள் திருப்பி அனுப்பப்பட்டதைப் பற்றி நம்மில் பலருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன்.

முதலில் காலவரிசை, சுருக்கமாக. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு 1987 வரை வந்தவர்கள் 1,34,053 பேர். 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதி வந்துவிட்டது என்று நம்பி 1987 கடைசியிலிருந்து 1989 வரை 25,000 சொச்சம் பேர் கப்பலில் திரும்பினார்கள். அந்த நம்பிக்கையின் ஆயுசு ரெண்டு வருஷம். 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை கிளம்பியது, ஜூனில் இரண்டாம் ஈழப்போர் வெடித்தது. மறுபடி ஏறத்தாழ 1,22,000 பேர் வந்து சேர்ந்தார்கள். போன தடவை நம்பித் திரும்பிய சில குடும்பங்களும் அதில் உண்டு.

பிறகு 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர்.

அந்த ராத்திரிக்குப் பிறகு தமிழ்நாட்டில் 'இலங்கைக்காரர்' என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் வந்துவிட்டது. வாடகைக்கு வீடு கிடைக்காது, பேச்சு வழக்கைக் கேட்டதுமே ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார். கொலை செய்தது ஒரு இயக்கம், சந்தேகத்தைச் சுமந்தது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். ஜூனில் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசு, அகதிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசை வற்புறுத்தியது. முகாமுக்கு வெளியே இருப்பவர்கள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. இந்தியாவும் இலங்கையும் பேசி முடித்து, 1992 ஜனவரி 20-ல் முதல் தொகுதி கிளம்பியது. 1995 மார்ச் வரை அனுப்பப்பட்டவர்கள் 54,188 பேர். அரசுக் குறிப்புகளில் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'தன்விருப்பத்தின் பேரில்' என்ற சொல் தவறாமல் நிற்கும்.

அந்தச் சொல் ஏன் அங்கே தேவைப்பட்டது என்று பார்க்கணும். இதற்கு 1945-க்குப் போக வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப்போர் முடியும் சமயம், யால்டா மாநாட்டில், மேற்கு நாடுகளின் கையில் இருக்கும் சோவியத் குடிமக்களைத் திருப்பி அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள். லட்சக்கணக்கில் ஏற்றி அனுப்பினார்கள். வர மாட்டோம் என்று கதறியவர்களையும் துப்பாக்கி முனையில் ரயில் ஏற்றினார்கள். பலர் நேராக ஸ்டாலினின் உழைப்பு முகாம்களுக்குப் போனார்கள், சிலர் போகும் வழியிலேயே தற்கொலை செய்துகொண்டார்கள். இந்த வெட்கத்திலிருந்துதான் 1946 பிப்ரவரியில் ஐ.நா. பொதுச்சபை, திரும்பிப் போகத் தகுந்த ஆட்சேபம் சொல்கிற எந்த அகதியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்மானம் போட்டது. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33-வது பிரிவும், உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பித் தள்ளக் கூடாது என்று சொல்கிறது.

இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. இலங்கையும் போடவில்லை. இங்கே அகதி என்று ஒரு சட்டமே கிடையாது. அப்போது அமலில் இருந்த 1946-ம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டப்படி, வல்வெட்டித்துறையிலிருந்து கைக்குழந்தையோடு படகில் வந்தவரும் விசா முடிந்து தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும் ஒரே வகை. ஆனாலும் உலகத்துக்கு முன்னால் இந்தியா எப்போதும் கௌரவம் பார்க்கிற நாடு. கட்டாயமாக அனுப்பினோம் என்ற பேர் வரக் கூடாது. அதனால் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு கையெழுத்து தேவைப்பட்டது.

கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது? யாரும் துப்பாக்கி காட்டவில்லை. அது அவசியமாகவும் இருக்கவில்லை. அகதிப் பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரிகளில் இடம் மறுக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையத் தடை வந்தது. பணக்கொடையும் ரேஷனும் நிற்கும், தாமதமாகும், நின்றுவிடும் என்று பேச்சு பரவும். முகாம் வாழ்க்கையில் 'செக்கிங்' என்று ஒன்று உண்டு. குறித்த நாளில் குடும்பத்தில் எல்லாரும் வந்து நிற்க வேண்டும், ஆள் இல்லையென்றால் பெயர் அடிபடும். அந்தக் காலத்தில் இது இன்னும் இறுகியது. கியூ பிராஞ்ச் போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போன வீட்டுக்காரர், அடுத்த நாள் பாரத்தை நீட்டினால் என்ன செய்வார்?

பாரம் பல இடங்களில் ஆங்கிலத்தில் இருந்தது. மன்னார்க் கடற்கரையில் மீன்பிடித்துப் பிழைத்தவரிடம், வவுனியாவில் நெல் விதைத்தவரிடம் ஆங்கிலத்தில் ஒரு தாள். 1993 ஆகஸ்டில் ஏசியா வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு, இந்தத் திருப்பியனுப்பலை நிறுத்தச் சொல்லி அறிக்கையே வெளியிட்டது.

பெயின்டரின் அம்மாவை ஒருநாள் முகாமில் போய்ப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். அவரும் கையெழுத்துப் போட்டவர்தானாம், ஆனால் அவர் பெயர் வருவதற்குள் கப்பல் நின்றுபோனது. "தம்பி, போறதெண்டால் போறதுதான், ஆனா எங்க போறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல" என்றார். "ஊருக்கு எண்டு மட்டும் சொன்னாங்கள். எந்த ஊர்? எங்கட ஊர்ல அப்ப ஆமி இருந்தது."

நான் படித்த பக்கங்கள் எல்லாவற்றையும்விட இந்தக் கேள்வி துல்லியமாக இருந்தது. விருப்பமா இல்லையா என்று இந்தக் கரையில் கேட்டார்கள். அந்தக் கரையில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. தெரியாத ஒன்றுக்கு எப்படி விருப்பம் தெரிவிப்பது?

இதற்குள் விஷயம் நீதிமன்றத்துக்கு வந்தது. பழ.நெடுமாறனும் டாக்டர் ராமதாஸும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அதிகாரிகள் ஒவ்வொருவரிடமும் உண்மையான விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும், போக மனமில்லாதவர்களை முகாமில் இருக்க விட வேண்டும் என்பது கோரிக்கை. அதுவரை இந்தியாவில் இந்த ஆணையத்துக்கு ஈழ அகதிகளிடம் எந்த வேலையும் தரப்படவில்லை. உள்நாட்டு வெளிநாட்டு அழுத்தங்களால் 1992 நடுவில் மத்திய அரசு இறங்கி வந்து, சென்னையில் ஆணையம் செயல்பட அனுமதித்தது. அதற்கு முன்பே இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அவர்களிடம் வெளியாள் யாரும் கேட்கவில்லை.

சரி, அதற்குப் பிறகாவது? ஆணையத்தின் அதிகாரிகளுக்கு ஊர் ஊராக இருந்த முகாம்களுக்குள் போக அனுமதி கிடையாது. கிளம்பத் தயாராக மூட்டை கட்டிக்கொண்டு இடைத்தங்கல் முகாமுக்கு வந்துவிட்டவர்களிடம்தான் பேசலாம். இதை யோசித்துப் பாருங்கள். குடிசையைக் காலி செய்தாச்சு, ரேஷன் கார்டை ஒப்படைச்சாச்சு, பாத்திரம் பண்டங்களை அக்கம்பக்கத்தில் விற்றாச்சு. அப்போது ஒருவர் வந்து "உங்களுக்கு விருப்பம்தானே?" என்று கேட்கிறார். இல்லை என்று சொன்னால் எங்கே திரும்பிப் போவது? அப்படியும் சிலர் மறுத்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வருமா?

உயர் நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், விருப்பத்தைச் சரிபார்ப்பதில் ஐ.நா. ஆணையம் ஈடுபட்டிருக்கிறது, அது ஒரு உலக அமைப்பு, ஆகவே சம்மதம் தன்விருப்பமா இல்லையா என்பதை நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்றது. ஆணையத்தின் திறமையையும் நடுநிலையையும் நீதிமன்றம் சந்தேகிக்கவில்லை. நானும் சந்தேகிக்கவில்லை. ஆனால் என் மனசில் உறுத்துவது வேறு. அரசு கையெழுத்தைக் காட்டியது. நீதிமன்றம் ஆணையத்தைக் காட்டியது. ஆணையத்துக்கோ முகாம் கதவு திறக்கவில்லை. மூன்று பேர் கைமாறிய பிறகு, கேட்கப்பட வேண்டிய ஆள் மட்டும் மூட்டையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஆணையத்தின் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடணும். நாங்கள் விலகினால் அனுப்புவது நிற்காது, கேட்பாரில்லாமல் நடக்கும், அரைக் கதவாவது திறந்திருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் வந்த பிறகு மறுத்தவர்களின் பெயர் நீக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் காலமும் அப்படி இருந்தது. ஆணையத்தின் தலைவராக இருந்த சதாகோ ஒகாதா, தொண்ணூறுகள் தன்விருப்பத் திரும்புதலின் பத்தாண்டாக இருக்கும் என்று அறிவித்திருந்தார். பனிப்போர் முடிந்து, அகதிகளை வைத்திருக்க எந்த நாட்டுக்கும் அரசியல் லாபம் இல்லாமல் போயிருந்தது. அதே 1992-ல் வங்கதேசத்திலிருந்து ரோஹிங்யாக்களை பர்மாவுக்குத் திருப்பி அனுப்புவது தொடங்கியது. அவர்களுக்கு அது இரண்டாவது தடவை. 1978-ல் ஓடி வந்த ரெண்டு லட்சம் பேரைத் திரும்ப வைக்க ரேஷனைக் குறைத்ததில், முகாம்களில் 10,000 பேருக்குமேல் செத்துப்போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். பசி வந்தால் ஊர் ஞாபகம் தானாக வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது அந்தக் கரைக்குப் போவோம்.

1992-93-ல் இலங்கையின் வடக்கும் கிழக்கும் போர்க்களம். யாழ்ப்பாணம் புலிகள் கையில். கிழக்கின் நகரங்கள் ராணுவத்தின் கையில், அதைச் சுற்றிய காடுகள் இரவில் வேறு கையில். தலைமன்னாரிலோ திருகோணமலையிலோ இறங்கியவர்களை முதலில் வரவேற்றது விசாரணைதான். 1979-ல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் நடைமுறையில் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வரும் இளைஞன் என்றாலே புலியோ என்ற சந்தேகம். இங்கேயும் அதே சந்தேகம், அங்கேயும் அதே சந்தேகம். இன்னொரு பக்கம், புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போனால் அவர்களுக்கும் சந்தேகம், கூடவே ஆள்சேர்ப்பு.

பெயின்டரின் மாமா குடும்பம் மன்னார்ப் பக்கம். சொந்தக் கிராமத்துக்குப் போக விடவில்லை. முதலில் மன்னாரில், பிறகு வவுனியாவில் முகாம் வாழ்க்கை. இங்கே அகதி முகாம், அங்கே நலன்புரி முகாம். தகரக் கூரை அதேதான், வரிசையும் அதேதான். இதில் வவுனியாவிலிருந்து வெளியே போக 'பாஸ்' எடுக்கணும். அந்தப் பாஸ் முறை பல வருஷம் இருந்தது. மடுவிலும் பேசாலையிலும் ஐ.நா. ஆணையம் 1990-லிருந்து திறந்த நிவாரண நிலையங்கள் நடத்தியது. ஊர் திரும்ப முடியாத பலர் அங்கேதான் ஒதுங்கினார்கள். மடு மாதா கோவில் வளாகத்துக்குள் இருந்தால் குண்டு விழாது என்று ரெண்டு தரப்பும் சொல்லியிருந்ததாக ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. 1999 நவம்பரில் அந்தக் கோவிலிலேயே ஷெல் விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள்.

திரும்பிப் போனவர்கள் 'அகதி' இல்லை. இது சட்டத்தில் ஒரு விசித்திரம். எல்லையைத் தாண்டி இருக்கும்வரைதான் ஒருவர் அகதி. சொந்த நாட்டு மண்ணை மிதித்ததும் அவர் வெறும் குடிமகன், அவரைப் பாதுகாப்பது எந்த அரசுக்குப் பயந்து ஓடினாரோ அதே அரசின் பொறுப்பு. திருப்பி அனுப்பிய நாட்டுக்கு அவரைப் பற்றிக் கேட்கிற உரிமையும் இல்லை, கேட்க ஆசையும் இல்லை. கப்பல் ஏறினது வரைக்கும் கணக்கு இருக்கிறது. இறங்கினவர் எத்தனை மாதம் உயிரோடிருந்தார், எங்கே போனார் என்ற கணக்கை நம் அரசு எழுதி வைத்ததாக நான் பார்த்த எதிலும் இல்லை.

இந்தக் கூட்டத்தில் போக ஊரே இல்லாதவர்களும் இருந்தார்கள். மலையகத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். 1948-ல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து அவர்களை ஆளாளுக்குப் பங்கு பிரித்தார்கள், இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று. தலையை எண்ணிப் பிரித்தவர்கள் தலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. தோட்டத்துக் கலவரங்களுக்குப் பயந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய மலையகத்தார் பலர், போர் அங்கேயும் வந்ததும் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்தார்கள். இன்றைக்கு முகாம்களில் இப்படிப்பட்டவர்கள் 29,500 பேரளவில் என்று மதிப்பிடுகிறார்கள். இவர்களை 'தாயகம்' திருப்பி அனுப்புவதென்றால் எந்தத் தாயகம்?

மண்டபம் முகாம் இருக்கிறதே, அது இந்தக் கதையின் மொத்தச் சுருக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நோய் பார்த்து அனுப்ப அடைத்து வைத்த இடம். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் வந்திறங்கித் தங்கியதும் அங்கேதான். 1983-க்குப் பிறகு அகதிகள் பதிவாவதும் அங்கேதான். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை, மூன்று வேறு பெயரில், ஒரே வாசல் வழியே போய் வந்திருக்கக்கூடும்.

ஒரு சின்ன விலகல். எங்க பக்கம், அதாவது பழைய வடஆற்காடு ஜில்லாவில், இலங்கையிலிருந்து வந்தவர்களின் வரலாறு 1983-ல் தொடங்கவில்லை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீவிக்ரமராஜசிங்கனை 1815-ல் பிடித்த ஆங்கிலேயர்கள், 1816-ல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். மதுரை நாயக்கர் வழி வந்தவன், கண்ணுசாமி என்பது பழைய பெயர். 1832-ல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபம் அவன் சமாதி. அதே கோட்டையின் திப்பு மகாலில்தான் தொண்ணூறுகளில் ஈழத் தமிழர்களுக்கான 'சிறப்பு முகாம்' இருந்தது. 1995 ஆகஸ்டில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சுரங்கம் தோண்டித் தப்பியதும் அங்கிருந்துதான். ராஜாவைத் திரும்பிப் போக விடவில்லை. இவர்களைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். ரெண்டு தடவையும் சம்பந்தப்பட்ட ஆளிடம் கேட்கவில்லை என்பது மட்டும் பொது.

1994-ல் சந்திரிகா ஆட்சிக்கு வந்தார், 1995 ஜனவரியில் போர்நிறுத்தம். அமைதி வந்துவிட்டது என்று மறுபடி எல்லாரும் சொன்னார்கள். மார்ச்சில் கடைசிக் கப்பல் போனது. ஏப்ரல் 19-ல் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைப் படகுகளைப் புலிகள் மூழ்கடித்தார்கள், மூன்றாம் ஈழப்போர். கடைசிக் கப்பலில் போனவர்களுக்கு ஒரு மாதம்தான் கிடைத்திருக்கிறது. அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே காலியாகித் தென்மராட்சிக்கு நடந்தது. இந்தியாவிலிருந்து ஒழுங்கு செய்து அனுப்புவது அத்தோடு நின்றது, பிறகு தொடங்கவேயில்லை.

1996 ஜூலை கடைசியிலிருந்து மறுபடி படகுகள் வர ஆரம்பித்தன. 2003 வரை ஏறத்தாழ 22,000 பேர். பெயின்டரின் மாமா 1997-ல் வந்தது இந்த அலையில். பேசாலையிலிருந்து ராத்திரி கிளம்பி, படகுக்காரர் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட, மறுநாள் மத்தியானம் வரை குழந்தைகளோடு தண்ணீர் இல்லாமல் கிடந்தார்களாம். மண்டபத்தில் அவரைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். முன்னே எட்டு வருஷம் இங்கே இருந்ததற்கு மதிப்பில்லை, 'தன்விருப்பத்தில்' போனவர் அல்லவா. ஆக, 54,188-லும் அவர் ஒருவர், அந்த 22,000-லும் அவர் ஒருவர். ஒரு பக்கம் வெற்றிக் கணக்கு, இன்னொரு பக்கம் புது வரவு. புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது இப்படி ரெண்டு தடவை எண்ணப்பட்ட ஒரு மனுஷன் உள்ளே இருப்பார் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

இதெல்லாம் பழைய கதை, 2009-ல் போர் முடிந்துவிட்டது, இப்போது போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். போகிறவர்கள் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். ஐ.நா. ஆணையம் விமான டிக்கெட் எடுத்துத் தந்து, சின்னதாக ஒரு உதவித்தொகையும் கொடுத்து அனுப்பி வந்தது. ஆனால் கூட்டம் சிறியது. ஏன் என்றால், துப்பாக்கிச் சத்தம் நின்றதும் காகிதப் பிரச்சினை தொடங்குகிறது. இலங்கைச் சட்டப்படி ஒரு நிலத்தைப் பத்து வருஷம் தடையில்லாமல் அனுபவித்தவர் அதன் உரிமையைக் கேட்கலாம். முப்பது வருஷம் இந்தியாவில் இருந்தவரின் காணியில் யார் யாரோ வீடு கட்டியிருப்பார்கள், அல்லது முகாம் போட்ட ராணுவம் இருக்கும். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு இதில் விலக்குக் கொடுக்க 2016-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்குப் போட உறுதிப்பத்திரம் வேணும். அது எரிந்த வீட்டோடு எரிந்திருக்கும்.

பிள்ளைகள் கதை இன்னும் சிக்கல். நம் பெயின்டர் 1988 மார்ச்சில் இங்கே பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். எட்டு மாதத்தில் தவறவிட்டார். இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும், அதற்கு அப்பா அம்மாவின் இலங்கைப் பிறப்புச் சான்று வேண்டும். அவர் பார்த்தேயிராத நாட்டுக்கு அவரைத் 'திருப்பி' அனுப்ப முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

2025 மே மாதம் ரெண்டு சம்பவம் நடந்தது. 19-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஒரு இலங்கைத் தமிழரின் மனு. தண்டனைக் காலம் முடிந்துவிட்டது, நாட்டுக்கு அனுப்பினால் உயிருக்கு ஆபத்து, அனுப்பாதீர்கள் என்று கேட்டார். உலகம் முழுவதிலுமிருந்து வருபவர்களைத் தங்கவைக்க இந்தியா தர்மசத்திரமா என்று நீதிபதி கேட்டது தலைப்புச் செய்தி ஆனது. அதே மாதக் கடைசியில், ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டில் முறைப்படி, எல்லாக் காகிதமும் சரியாக வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டு முகாமிலிருந்து விமானத்தில் போய்ப் பலாலியில் இறங்கிய ஒரு முதியவர் கைது செய்யப்பட்டார். குற்றம் என்ன தெரியுமா? போர்க் காலத்தில் பாஸ்போர்ட் இல்லாமல், சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போனது. குண்டுக்கு நடுவில் படகேறியவர் குடிவரவு அலுவலகத்தில் முத்திரை வாங்கியிருக்கணுமாம். அங்கேயே பலத்த எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் முகாம்களில் அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் ஒரே நாளில் சுற்றிவிட்டது. போகலாம் என்று பெயர் கொடுத்திருந்த தன் பக்கத்து வீட்டுக்காரர் வாபஸ் வாங்கிவிட்டதாகப் பெயின்டர் சொன்னார்.

செப்டம்பரில் வேறொரு செய்தி. 2015 ஜனவரி 9-க்கு முன்னால் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய குடிவரவுச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்குத் தந்தது. பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக இனி வழக்கு வராது. குடியுரிமை இல்லை, ஆனால் குற்றவாளியும் இல்லை. 2021-ல் தமிழ்நாட்டு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, புது வீடுகளும் கட்டித் தருகிறது. பெயின்டரின் அம்மாவுக்கும் அப்படி ஒரு வீடு கிடைத்திருக்கிறது. சுவருக்கு மகனே நீலப் பெயின்ட் அடித்திருந்தார்.

அந்த வீட்டில்தான் அவர் அந்தத் தாளைக் காட்டினார். 1993-ல் தான் கையெழுத்துப் போட்ட பாரத்தின் நகல். பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து, தம்பி போட்டோவோடு வைத்திருக்கிறார். தம்பி, அதாவது அந்த மாமா, போன வருஷம் இங்கேயே காலமாகிவிட்டார். தாளை விரித்து என்னிடம் நீட்டி, "இதில என்ன எழுதியிருக்கு தம்பி, வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். முப்பது வருஷத்துக்குமேல் ஆகிறது, யாரும் படித்துச் சொல்லவில்லையாம்.

படித்துச் சொன்னேன். நாலே வரி. நானும் என் குடும்பத்தாரும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எங்கள் சொந்த விருப்பத்தில் இலங்கைக்குத் திரும்புகிறோம் என்று இருந்தது. கீழே அவருடைய பெயர், தமிழில், குழந்தைக் கையெழுத்து மாதிரி.

கேட்டுவிட்டு, "இவ்வளவுதானோ?" என்றார். பிறகு தாளைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, மகனிடம் எனக்கு டீ போடச் சொன்னார்.